இங்க எழுதி அங்க ஓட்டுறது: கிராஸ் கம்பைலரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு பென் டிரைவ்ல இருந்து ஆரம்பிக்குது.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ராஜபாளையம். கல்லூரி படிச்சது பக்கத்துல, ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாலு வருஷம் அந்த ரோட்டுல பஸ்ல தொங்கிக்கிட்டே போயிருக்கேன்.

ராஜபாளையம்னு சொன்னா சென்னையில எல்லாரும் நாயைப் பத்திக் கேப்பாங்க. எங்களுக்கு அது மில் ஊர். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கின ராஜபாளையம் மில்ஸ்ல ஆரம்பிச்சு, நூல் மில்லுகளைச் சுத்தித்தான் ஊரே வளர்ந்தது. பக்கத்துல சத்திரப்பட்டிக்குப் போனா பேண்டேஜ் துணி. தறிச் சத்தம் கேக்காத தெரு கிடையாது.

என் தாய்மாமா அங்க ஒரு சின்னப் பட்டறை வெச்சிருக்கார். மில் மெஷின்கள்ல இருக்கற எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரி பண்ணிக் கொடுப்பார். போகிக்கு முந்தின நாள் என் கையில ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "மாப்ள, இதுல ஒரே ஒரு நம்பரை மாத்தணும். உனக்கு எத்தன நாள் வேல?"ன்னு கேட்டார். "நாளா? ரெண்டு மணி நேரம் மாமா"ன்னு சொன்னேன்.

அந்த ரெண்டு மணி நேரம் அஞ்சு நாள் ஆச்சு. அந்த அஞ்சு நாள்ல நான் தெரிஞ்சுகிட்ட வரலாறுதான் இந்த எபிசோட்.

ஒரே ஒரு நம்பர்

நூல் மில்லுல ரிங் ஃப்ரேம்னு ஒரு மெஷின் உண்டு. நூலை முறுக்கி, கதிர்ல சுத்துற மெஷின். அதுல ஒரு சின்ன மீட்டர் இருக்கும், ஹேங்க் மீட்டர். ஹேங்க்ங்கறது பருத்தி நூலோட நீள அளவு: 840 கெஜம், அதாவது கிட்டத்தட்ட 768 மீட்டர். முன் ரோலர் எத்தனை சுத்து சுத்துதுன்னு ஒரு சென்சார் எண்ணும். அதை ரோலரோட சுற்றளவால பெருக்கினா, எவ்வளவு நூல் ஓடியிருக்குன்னு தெரிஞ்சிடும்.

ஷிஃப்ட் முடியறப்ப அந்த மீட்டர்ல இருக்கற எண்ணைத்தான் எழுதிக்குவாங்க. மாமா பார்க்கிற அந்த மில்லுல, ஃப்ரேமைப் பார்த்துக்கற சைடருக்குக் கிடைக்கிற ஊக்கத்தொகையும் அந்த எண்ணை வெச்சுத்தான். அதனால அது தப்பாக் காட்டினா, தப்பு யாரோ ஒருத்தர் சம்பளக் கவர்ல போய் நிக்கும்.

என்ன பிரச்சனைன்னா, பழைய மாடல் சென்சார் இப்போ கிடைக்கறதில்ல. புதுசு ஒரு சுத்துக்கு ரெண்டு பல்ஸ் கொடுக்குது, பழசு ஒண்ணுதான் கொடுத்தது. அப்படியே மாட்டினா மீட்டர் ரெட்டிப்பாக் காட்டும். கோடுல "ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ்"னு இருக்கறதை ரெண்டுன்னு மாத்தணும். அவ்வளவுதான். காணும் பொங்கல் முடிஞ்சு, ஜனவரி 18 காலை ஷிஃப்டுக்கு மில் ஓடணும்.

போர்டுல இருந்தது ஏடிமெகா8-ன்னு ஒரு மைக்ரோகண்ட்ரோலர். மொத்த நிரல் இடமே 8 கிலோபைட். உங்க ஃபோன்ல ஒரு ஸ்டிக்கர் கூட அதைவிடப் பெருசு. கோடை எழுதினவர் மாமாகிட்ட முன்னாடி வேலை பார்த்த ஒரு அண்ணன். அவர் வெளிநாடு போய் வருஷக்கணக்காச்சு. அவர் எழுதின லேப்டாப்பும் செத்துப்போச்சு. மிச்சம் இருந்தது அந்த பென் டிரைவ் மட்டும்தான்.

நம்பரை மாத்தினேன். என் லேப்டாப்ல இருந்த புது கம்பைலர்ல கம்பைல் பண்ணினேன். ரெண்டு எர்ரர் வந்தது, இணையத்தில தேடிச் சரி பண்ணினேன். கீழே மஞ்சள் நிறத்துல ஏதோ எச்சரிக்கை வரிகள் ஓடுச்சு. ஓடட்டும்னு விட்டுட்டேன். நாம எல்லாரும் அப்படித்தானே?

சிப்புல ஏத்தி, கரண்ட் கொடுத்தேன். டிஸ்ப்ளே அழகா எரிஞ்சது. மாமா சென்சாருக்கு முன்னாடி ரோலரைக் கையால ஒரு சுத்து சுத்தினார். எண் கூடறதுக்குப் பதிலா, போர்டு முதல்ல இருந்து மறுபடி ஆரம்பிச்சது. இன்னொரு சுத்து, மறுபடி ஆரம்பம். மாமா என்னைப் பார்த்தார். நான் போர்டைப் பார்த்தேன்.

சமைக்கிற ஊர் வேற, சாப்பிடற ஊர் வேற

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல, கிராஸ் கம்பைலர்னா என்ன?

நீங்க உங்க லேப்டாப்ல ஒரு புரோகிராம் எழுதி, அதே லேப்டாப்ல ஓட்டினா, கம்பைலரும் புரோகிராமும் ஒரே வீட்டுல இருக்காங்க. ஆனா வாஷிங் மெஷின், பைக் ஸ்பீடோமீட்டர், ஹேங்க் மீட்டர் இதுக்குள்ள இருக்கற சிப்புல ஒரு கம்பைலரை வைக்க இடமே கிடையாது. அதனால பெரிய கம்ப்யூட்டர்ல உக்காந்து, சின்ன சிப்புக்குப் புரியற பாஷையில நிரலைத் தயார் பண்ணி, அங்க அனுப்பணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி. கிண்டறது அங்க, சாப்பிடறது சென்னையில. அடுப்புல இருந்து எடுத்த சூட்டுல நல்லா இருந்தா மட்டும் போதாது. பஸ்ல ஒரு ராத்திரி போய், நாளைக்கு டப்பாவைத் திறக்கறப்பவும் நல்லா இருக்கணும். கிண்டறவர் தன் நாக்கை மட்டும் நம்பக்கூடாது.

இந்தப் பிரச்சனை நம்ம தலைமுறைக்கு வந்தது இல்லை. கம்ப்யூட்டர் சின்னதாக ஆரம்பிச்ச அன்னைக்கே வந்தது.

நிலாவுக்குப் போன நெசவு

1960-கள். அமெரிக்காவோட அப்போலோ திட்டம். விண்கலத்துக்குள்ள வைக்க எம்ஐடி இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப் ஒரு கம்ப்யூட்டர் செய்யுது. அதோட நிரந்தர நினைவகம் 36,864 சொற்கள். மாத்தி எழுதக்கூடிய நினைவகம் வெறும் 2,048 சொற்கள். அதுக்குள்ள உக்காந்து யாரும் நிரல் எழுத முடியாது. அதனால அசெம்பிளரை ஒரு பெரிய ஹனிவெல் கம்ப்யூட்டர்ல ஓட்டினாங்க. நிரல் பூமியில தயாராகும், வேற ஒரு மெஷின்ல ஓடும். அதே கதைதான்.

தயாரான நிரலை எப்படி விண்கலத்துக்குள்ள ஏத்தினாங்க? இங்கதான் ஒரு ராஜபாளையத்துக்காரன் நிமிர்ந்து உக்காருவான். நெய்தாங்க.

வால்தம்ங்கற ஊர்ல ரேதியான் நிறுவனத்தோட தொழிற்சாலை. பெண்கள் வரிசையா உக்காந்து, ஊசியில கோத்த செப்புக் கம்பியைச் சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்கு நடுவுல விடுவாங்க. கம்பி வளையத்துக்குள்ள போனா ஒண்ணு. வெளியே சுத்திப் போனா பூஜ்யம். எந்த வளையம்னு ஒரு மெஷின் காட்டும், கம்பியை விடறது கை. இப்படியே ஒவ்வொரு பிட்டும். இதுக்குப் பேரே கோர் ரோப், அதாவது கயிறு நினைவகம். ஒரு நிரலை நெய்து முடிக்க வாரக்கணக்குல ஆகும். அந்த வேலைக்கு வந்தவங்கள்ல பலர் அந்த வட்டாரத்துத் துணி ஆலைகள்லயும் கடிகாரத் தொழிற்சாலையிலயும் பழகின கைகள்.

நெய்த பிறகு ஒரு தப்பு கண்டுபிடிச்சா? பிரிச்சு மறுபடி நெய்யறது லேசு இல்லை. அதனால ஒவ்வொரு நிரல் வெளியீட்டுக்கும் ஒருத்தர் பொறுப்பா இருந்தார். அவருக்கு அங்க வெச்ச பட்டப்பேர் "ரோப் மதர்", கயிற்றுக்குத் தாய். நெசவுக்குப் போறதுக்கு முன்னாடி எது உள்ள இருக்கு, எது இல்லைன்னு சொல்லவேண்டியது அவர். விண்கல மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கின மார்கரெட் ஹாமில்டன் பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. நெய்தவங்க பேர் நமக்குத் தெரியாது.

எங்க மாமா பட்டறையில ரோப் மதர் யாரும் இல்லை. பென் டிரைவ் மட்டும்தான் இருந்தது.

பார்க்காத மெஷினுக்கு எழுதினவங்க

1971-ல இன்டெல் 4004 வருது, ஒரே சிப்புக்குள்ள ஒரு பிராசஸர். அதுக்கு நிரல் எழுத நல்ல கருவி இல்லை. கேரி கில்டால்னு ஒருத்தர் இன்டெல்லுக்காக பிஎல்/எம்-ங்கற மொழியை உருவாக்கினார். அதோட கம்பைலர் ஓடினது சின்ன சிப்புல இல்லை, பெரிய கம்ப்யூட்டர்கள்ல. மைக்ரோபிராசஸர் உலகத்தோட முதல் கிராஸ் கம்பைலர்கள்ல ஒண்ணு அது.

அடுத்த கதை 1975. ஆல்டேர்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பத்திரிகை அட்டையில வருது, உள்ள இருக்கறது இன்டெல் 8080 சிப். அதுக்கு பேசிக் மொழி தர்றோம்னு பில் கேட்ஸும் பால் ஆலனும் அந்தக் கம்பெனிக்குச் சொல்லிட்டாங்க. அவங்ககிட்ட ஆல்டேரும் இல்லை, 8080 சிப்பும் இல்லை. ஹார்வர்டுல இருந்த பிடிபி-10 பெரிய கம்ப்யூட்டர்ல, 8080 மாதிரியே நடிக்கிற ஒரு சிமுலேட்டரை ஆலன் எழுதினார். அந்த நடிப்புக்குள்ள பேசிக்கை ஓட்டிப் பார்த்தாங்க. காகித நாடாவுல துளை போட்டு எடுத்துக்கிட்டு ஆலன் அல்புகெர்கிக்கு விமானம் ஏறினார். விமானத்துலதான், நாடாவை மெஷினுக்குள்ள ஏத்தற லோடர் நிரலையே எழுதலைன்னு ஞாபகம் வந்தது. அங்கேயே உக்காந்து எழுதினார். அடுத்த நாள், நிஜ மெஷின்ல முதல் தடவையா ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு கேட்டாங்க. நாலுன்னு வந்தது.

எங்க ஊர்ப் பக்கத்துல இதுக்கு ஒரு பழைய ஆள் உண்டு, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், பெருமாளுக்குக் கட்டின மாலையைத் தான் முதல்ல சூடி, கிணத்துத் தண்ணியில அழகு பார்த்துட்டுத்தான் அனுப்பினாள்னு சொல்வாங்க. அந்தக் கண்ணாடிக் கிணறை இன்னைக்கும் கோயில்ல காட்டுவாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்துலயே ஒரு தடவை போட்டுப் பார்க்கறது. சிமுலேட்டருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கலை.

நம்ம கையில இருந்த சிப்

சரி, இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்ம விரல் பட்ட ஒரு மைக்ரோகண்ட்ரோலர் கதை சொல்லவா? மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

இந்த யோசனை தேர்தல் ஆணையத்துல 1977-ல பேச்சுக்கு வந்தது. ஹைதராபாத் இசிஐஎல் மாதிரி இயந்திரம் செஞ்சது, பெங்களூரு பெல் நிறுவனமும் சேர்ந்தது. பெல் பக்கத்துல இதுல முக்கியப் பங்கு வகிச்சவர் எஸ். ரங்கராஜன். அதாவது நம்ம எழுத்தாளர் சுஜாதா. 1982-ல கேரளாவோட பரவூர் தொகுதியில 50 வாக்குச்சாவடிகள்ல முதல் தடவையா பயன்படுத்தினாங்க. அதுக்குச் சட்டத்துல இடமில்லைன்னு 1984-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பிறகு சட்டத்தைத் திருத்தி, படிப்படியாக் கொண்டுவந்து, 2001 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாடு முழுக்க வந்தது. 2004 மக்களவைத் தேர்தல்ல நாடு முழுக்க.

அதுக்குள்ள இருக்கற நிரலை ஒரு தடவைதான் எழுத முடியும். அதுக்கப்புறம் மாத்தவே முடியாது. யாரும் குறுக்க வந்து திருத்தக்கூடாதுங்கறதுக்காக அப்படி வெச்சாங்க. ஆனா அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சிப்புக்குள்ள இருக்கறதும், ஒத்துக்கிட்ட மூல நிரலும் ஒண்ணுதானான்னு எப்படிக் காட்டறது? 2010-ல ஒரு ஆய்வுக் குழு இந்த இயந்திரங்களோட பாதுகாப்பைப் பத்திக் கேள்வி எழுப்பினது. தேர்தல் ஆணையம் அதை ஏத்துக்கலை. வாதம் இன்னைக்கும் ஓயலை. 2013-ல இருந்து வந்த ஒப்புகைச் சீட்டு அந்த வாதத்துக்குக் கிடைச்ச ஒரு பதில்: சிப்பை மட்டும் நம்பாதே, காகிதத்துலயும் பாரு.

நான் இங்க யார் சரின்னு சொல்ல வரலை. மூல நிரல் ஒரு இடத்துல, ஓடற நிரல் வேற இடத்துல. நடுவுல இருக்கற கம்பைலரை யாரும் கண்ணால பார்க்கறதில்லை. 1983-ல யூனிக்ஸைப் படைச்சவர்கள்ல ஒருத்தரான கென் தாம்ப்சன், டூரிங் விருது உரையில இதைத்தான் சொன்னார்: மூல நிரல் முழுக்கச் சுத்தமா இருந்தாலும், அதை மொழிபெயர்க்கற கம்பைலருக்குள்ள ஒரு திருட்டுத்தனத்தை ஒளிச்சு வைக்க முடியும். நாட்டோட ஓட்டா இருந்தாலும் சரி, ஒரு சைடரோட ஊக்கத்தொகையா இருந்தாலும் சரி, கேள்வி ஒண்ணுதான்.

கனடாவும் ஒரு டேப் கீயும்

இப்போ கருவிகளோட கதை. 1976-ல பெல் ஆய்வகத்துல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்'னு ஒரு கருவி எழுதினார். அவரோட நண்பர் ஒருத்தர் ஒரு தப்பைச் சரி பண்ணிட்டு, அந்த ஃபைலை மறுபடி கம்பைல் பண்ண மறந்துட்டு, சரியான நிரல்ல இல்லாத தப்பைக் காலையெல்லாம் தேடிக்கிட்டு இருந்தார். எது மாறியிருக்கோ அதை மட்டும் தானாவே மறுபடி கட்டற கருவி அங்க இருந்துதான் வந்தது. மேக்ஃபைல்ல வரி ஆரம்பத்துல ஸ்பேஸ் வெச்சா ஏத்துக்காது, டேப் தான் வேணும். இது தப்புன்னு ஃபெல்ட்மேனுக்குச் சீக்கிரமே தெரிஞ்சது. ஆனா அதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சிருந்தாங்க. அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம இன்னைக்கும் டேப் அடிக்கிறோம்.

1987-ல ரிச்சர்ட் ஸ்டால்மேனோட ஜிசிசி கம்பைலர் இலவசமா, மூல நிரலோட வந்தது. 1989-ல சிக்னஸ்னு ஒரு கம்பெனி, இந்த இலவசக் கம்பைலரைப் புதுப் புது சிப்புகளுக்கு மாத்திக் கொடுக்கறதையே தொழிலா ஆரம்பிச்சது. அந்த உலகத்துல இருந்து வந்ததுதான் மூணு வார்த்தை: பில்ட், ஹோஸ்ட், டார்கெட். கம்பைலரை எந்த மெஷின்ல கட்டறோம், அது எந்த மெஷின்ல ஓடும், அது எந்த மெஷினுக்கு நிரல் தரும். மூணும் மூணு வெவ்வேற மெஷினா இருந்தா அதுக்கு "கனேடியன் கிராஸ்"னு பேர். அந்தப் பேர் வெச்ச சமயத்துல கனடாவுல மூணு தேசியக் கட்சிகள் இருந்ததாம். அவ்வளவுதான் காரணம்.

நீங்க ஃபர்ம்வேர் பக்கம் எட்டிப் பார்த்திருந்தா, ஆர்ம்-நன்-ஈஏபிஐ-ஜிசிசின்னு நீளமா ஒரு பேரைப் பார்த்திருப்பீங்க. மந்திரம் எல்லாம் இல்லை, விலாசம். ஆர்ம்னா பிராசஸர் குடும்பம். நன்னா அங்க ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் கிடையாது. ஈஏபிஐன்னா ஃபங்ஷன்கள் ஒண்ணுக்கொண்ணு எண்களை எப்படிக் கைமாத்தணும்ங்கற ஒப்பந்தம்.

எங்க ஹேங்க் மீட்டர்ல இருந்த ஏவிஆர் குடும்பம், நார்வேயில டிரான்ட்ஹைம் நகரத்துல ரெண்டு மாணவர்கள் யோசிச்சது. 1990-கள் பின்பாதியில அட்மெல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுக்கும் ஜிசிசி வந்தது. 2005-ல இத்தாலியோட இவ்ரேயா ஊர்ல ஆர்டுயினோ பிறந்தது, அதுவும் அதே ஏவிஆர் சிப்பை வெச்சுத்தான். கம்பைலர், லிங்கர், சிப்புல ஏத்தற கருவி எல்லாத்தையும் ஒரே ஒரு அம்புக்குறி பட்டனுக்குப் பின்னால மறைச்சுட்டாங்க. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடிச்சதே அந்தப் பட்டனாலதான். ஆனா அந்தப் பட்டனுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு, மாமா பட்டறையில போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆன அன்னைக்கு வரைக்கும் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆறு பைட்

இப்போ பட்டறைக்கு வருவோம். அன்னைக்கு ராத்திரி, நான் அலட்சியமா விட்ட மஞ்சள் வரியைத் திறந்து படிச்சேன். இன்டரப்ட் ஃபங்ஷனோட பேர் தப்பா எழுதப்பட்ட மாதிரி தெரியுதுன்னு கம்பைலர் சொல்லியிருந்தது.

இன்டரப்ட்னா, சென்சார் பல்ஸ் வந்ததும் சிப் கையில இருக்கற வேலையை நிறுத்திட்டு ஓடவேண்டிய ஃபங்ஷன். அந்த அண்ணன் எழுதின காலத்துல அதுக்கு ஒரு பேர் முறை இருந்தது. பின்னாடி வந்த நூலகத்துல அந்தப் பழைய பேர்களை எடுத்துட்டாங்க. அதனால கம்பைலருக்கு அது ஏதோ ஒரு சாதாரண ஃபங்ஷன். பல்ஸ் வந்ததும் சிப் தேடும், அங்க யாரும் இல்லை. யாரும் இல்லாத இன்டரப்ட் வந்தா, ஏவிஆர் நூலகம் நிரலை முதல் வரிக்கே அனுப்பிடும். மாமா ரோலரைச் சுத்தறப்பெல்லாம் போர்டு புதுசாப் பிறந்துக்கிட்டு இருந்தது.

பேரை மாத்தினேன், எண்ண ஆரம்பிச்சது. மாமாவுக்குச் சந்தோஷம். எனக்குத் தூக்கம் வரலை. இன்னும் என்னென்ன மாறியிருக்கும்? அதைவிட முக்கியம், இந்த பென் டிரைவ்ல இருக்கற கோடுதான் மில்லுல ஓடறதா? அந்த அண்ணன் கடைசி நேரத்துல ஏதாவது திருத்தி, நேரா சிப்புல ஏத்தியிருந்தா?

அப்போதான் ஃபோல்டர்ல ஒரு ஃபைல் கண்ணுல பட்டது. மேப் ஃபைல். லிங்கர் எதை எங்க வெச்சதுன்னு எழுதி வைக்கிற குறிப்பு, யாரும் திறக்கறதில்லை. அதுக்குள்ள கம்பைலர் இருந்த ஃபோல்டரோட முழு விலாசம் இருந்தது: விண்ஏவிஆர்-20100110. பேர்லயே தேதி. அதுக்குள்ள இருந்தது ஜிசிசி 4.3.3.

மாமாகிட்ட ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடி இருந்தது. என் லேப்டாப்புக்குள்ள ஒரு மெய்நிகர் கம்ப்யூட்டரைக் கட்டி, அதுல எக்ஸ்பி போட்டு, அதே பதிப்புக் கம்பைலரைத் தேடிப் போட்டேன். ஒரு எழுத்தைக்கூட மாத்தாம பழைய கோடைக் கம்பைல் பண்ணினேன். மில்லுல இருந்து கழட்டி வந்த ஒரு போர்டோட சிப்புல பூட்டு பிட் போடலை, அதனால உள்ள இருந்த நிரலைப் படிக்க முடிஞ்சது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு, பைட் பைட்டா ஒப்பிட்டேன்.

ஆறு பைட் வித்தியாசம்.

வயிறு கலங்கிடுச்சு. எங்கன்னு பார்த்தேன். ஆறும் ஒரே இடத்துல. போர்டு ஆன் ஆகறப்ப டிஸ்ப்ளேல ஒரு நொடி வந்து போற தேதி. கம்பைல் பண்ற நாளைக் கம்பைலரே நிரலுக்குள்ள எழுதற மாதிரி அந்த அண்ணன் வெச்சிருக்கார். மாதத்தோட மூணு எழுத்து, தேதியில ஒரு இலக்கம், வருஷத்துல ரெண்டு இலக்கம். நான் கம்பைல் பண்ணினது 2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். மில் போர்டுல இருந்தது 2011 நவம்பர் 18.

மத்த எல்லா பைட்டும் ஒண்ணு. பென் டிரைவ்ல இருக்கறதுதான் மில்லுல ஓடுது. இனிமே நான் ஒரு நம்பரை மாத்தினா, அந்த ஒரு நம்பர்தான் மாறும்னு தைரியமாச் சொல்லலாம்.

மாமாகிட்ட தேதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். "அவன் கல்யாணத்துக்கு முந்தின வாரம். லீவு கேட்டான், இதை முடிச்சுட்டுப் போடான்னு சொன்னேன். முடிச்சுட்டுத்தான் போனான்"னார்.

18-ஆம் தேதி காலை ஷிஃப்டுக்கு மீட்டர்கள் ஓடின. ஷிஃப்ட் முடிஞ்சப்ப ஒரு ஃப்ரேம்ல வந்த நூலை எடை போட்டு, நூல் நம்பரை வெச்சு நீளம் கணக்குப் பண்ணி, மீட்டரோட ஒப்பிட்டாங்க. ஒத்துப்போச்சு.

சென்னையில ஒரு சிப்

கடைசியா ஒரு விஷயம். ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் வி. காமகோடி தலைமையில சக்தின்னு ஒரு பிராசஸர் குடும்பத்தை உருவாக்கினாங்க. கலிஃபோர்னியாவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல 2010-ல ஆரம்பிச்ச ரிஸ்க்-ஃபைவ்ங்கற திறந்த கட்டளைத் தொகுப்புதான் அடிப்படை. 2018-ல அதுல ஒரு சிப்பை சண்டிகர் பக்கத்துல இருக்கற அரசு ஆலையிலயே, 180 நானோமீட்டர் முறையில செஞ்சாங்க. 2020-ல மௌஷிக்னு அடுத்த சிப் வந்தது.

சிப் கையில வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அதுக்கான நிரல் தயாரா இருக்கணும். சிமுலேட்டர்லயும், எஃப்பிஜிஏ போர்டுலயும் ஓட்டிப் பார்ப்பாங்க. பால் ஆலன் செஞ்ச அதே வேலை. கம்பைலர் இல்லாத சிப் வெறும் மணல்தான். ரிஸ்க்-ஃபைவுக்கு ஜிசிசி இருந்ததால, நம்ம ஊர்ச் சிப்புக்கு முதல்ல இருந்து ஒரு கம்பைலர் எழுதவேண்டிய அவசியம் வரலை. யாரோ 1987-ல இலவசமாக் கொடுத்தது.

மாமா சுவத்துல என்ன ஒட்டியிருக்கு

ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, பட்டறையில ஒரு ஒழுங்கு பண்ணிட்டு வந்தேன். நீங்களும் ஏதாவது போர்டுக்குக் கோடு எழுதறவங்களா இருந்தா, இது உங்களுக்கு உதவும்.

ஒண்ணு, கம்பைலரும் நூலகமும் எந்தப் பதிப்புன்னு கோடு பக்கத்துலயே எழுதி வெச்சோம். அந்தப் பதிப்போட நகலையும் அதே ஃபோல்டர்ல வெச்சோம். நாளைக்கு இணையத்துல இருந்து அது காணாமப் போகலாம்.

ரெண்டு, ஒரே கட்டளையில எல்லாம் நடக்கற மாதிரி ஒரு மேக்ஃபைல். கம்பைல், லிங்க், சிப்புக்கான ஹெக்ஸ் ஃபைல், அளவு எவ்வளவுன்னு ஒரு வரி. 8 கிலோபைட்டைத் தாண்டினா அங்கேயே நின்னுடும்.

மூணு, எந்த எச்சரிக்கை வந்தாலும் அதை எர்ரராவே எடுத்துக்கச் சொல்லிட்டேன். மஞ்சள் வரி இனிமே ஓடிப் போக முடியாது.

நாலு, ஃபியூஸ் பிட். சிப் எந்த வேகத்துல ஓடணும்ங்கறது கோடுல இருக்காது, சிப்புல தனியா இருக்கும். அதைப் படிச்சு மேக்ஃபைல்லயே எழுதினோம்.

அஞ்சு, தேதி தானா மாறறதை எடுத்துட்டு, அந்த இடத்துல பதிப்பு எண்ணை வெச்சேன். இப்போ யார் என்னைக்குக் கம்பைல் பண்ணினாலும் பைட் பைட்டா ஒண்ணாத்தான் வரும்.

இதையெல்லாம் தமிழ்ல ஒரு தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டோம். பட்டறையில புதுசாச் சேர்ந்திருக்கற ஒரு தங்கச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தினமும் பஸ்ல வருது. அதையே படிக்கச் சொல்லி, நான் பக்கத்துல கைகட்டி உக்காந்துக்கிட்டேன். எங்க தடுமாறுதோ அங்க தாளைத் திருத்தினோம். மூணாவது தடவை என்னைக் கேக்காமலேயே சிப்புல ஏத்திடுச்சு.

பழைய தேதி மட்டும் ஒரு இடத்துல இருக்கு. கோடோட முதல் வரியில குறிப்பா எழுதி வெச்சேன்: முதல்ல கட்டின நாள், 2011 நவம்பர் 18. பக்கத்துல அந்த அண்ணன் பேர். அதை எழுதச் சொன்னது மாமா.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு லேப்டாப் இருக்கும். "அதைத் தொடாதே, அதுல மட்டும்தான் பில்ட் ஆகும்"னு சொல்ற லேப்டாப். இந்த வாரம் அது உயிரோட இருக்கறப்பவே, இன்னொரு மெஷின்ல ஒரு தடவை கட்டிப் பாருங்க. எத்தனை பைட் வித்தியாசம் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.